நாட்டியமும் நோய் தீர்க்கும் கல்வியும்

நம் குடும்பங்கள் பிழைப்பின் பொருட்டு எந்த ஊரில் குடியேறினாலும், பெண் குழந்தைகளுக்குப் பரதநாட்டியம் பயிற்றுவிக்கும் வழக்கம் உடன் வந்துவிடுகிறது. அரங்கேற்றம் ஆயிற்று, பட்டப் படிப்பும் முடிந்தது, இனி என்ன என்று கேட்கும்போது, "நடன சிகிச்சை படிக்கப் போகிறேன்" என்று மகள் விடையிறுத்தால் பெற்றோர் திகைக்கின்றனர். நாட்டியத்துக்கும் மருத்துவமனைக்கும் என்ன தொடர்பு? இஃது ஒரு தொழிலா? பணம் கட்டிப் படித்தால் பிழைக்க வழி உண்டா? சங்கத்து அன்பர்கள் சிலர் எழுப்பிய இவ்வினாக்களுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தோன்றிய வரலாறு

மேரியன் சேஸ் (1896-1970) என்னும் அமெரிக்க அம்மையார் வாஷிங்டன் நகரில் நடனம் கற்பித்து வந்தார். அவரிடம் பயின்றோருள் பலருக்கு மேடையேறும் எண்ணமே இல்லை. ஆடினால் மனச்சுமை குறைகிறது என்பதற்காகவே வந்தனர். இதனை அறிந்த மருத்துவர்கள் தம் நோயாளரையும் அவரிடம் அனுப்பலாயினர். 1942இல் அந்நகரத்துச் செயின்ட் எலிசபெத் மனநோய் மருத்துவமனையில் அவர் பணி தொடங்கினார். அஃது உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். மனம் நொந்த வீரர்கள் பலர் மருத்துவமனைகளை அடைந்தனர்.

பேச்சை மறந்து ஒடுங்கியிருப்பவரின் சிறு அசைவையும் தம் உடலில் வாங்கி, அவருக்கே திருப்பிக் காட்டுவது சேஸ் அம்மையாரின் முறை. 'நீ இருப்பதை நான் காண்கிறேன்' என்பது அதன் பொருள். பின்னர் அனைவரையும் வட்டமாகக் கூட்டி ஒரே தாளத்தில் இயங்கச் செய்வார். 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் தோன்றியபோது, அதன் முதல் தலைவர் அவரே.

மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய புதிதில், கடைக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் கையாலும் முகத்தாலும் பேசிச் சமாளித்தவர் நம்முள் பலர். சொல் கைவிட்ட இடத்தில் உடல் துணை நிற்கும் என்பதை நமக்கு எவரும் புகட்ட வேண்டியதில்லை.

நாட்டியம் அறிந்தால் போதுமா?

போதாது. பரதநாட்டியத்தில் அடவு குருவினுடையது. அரைமண்டி தாழ்ந்ததா, கை நேராக நீண்டதா என்று அவர் திருத்துவார். சிகிச்சை அறையிலோ அசைவு நோயாளியினுடையது. அங்கே பிழையும் இல்லை, கைதட்டலும் இல்லை. பல்லாண்டு பிறர் காண ஆடியவள், இனிப் பிறரைக் காணக் கற்க வேண்டும். முதுகலைப் பயிற்சி இதற்காகவே ஏற்பட்டது.

அப்பயிற்சியில் மனோதத்துவம், மனநோய்களின் இயல்பு, குழந்தை வளர்ச்சி, உடலியக்கம், குழுவை நடத்தும் முறை ஆகியன பாடங்கள். ஒருவர் அசைவின் வேகத்தையும் அழுத்தத்தையும் திசையையும் குறித்துக்கொள்ள, ருடால்ஃப் லாபன் (1879-1958) வகுத்த முறையையும் கற்பிக்கின்றனர். இவற்றினும் முக்கியமானது மேற்பார்வையின் கீழ் செய்யும் நேரடிப் பணி. அமெரிக்காவில் முதுகலைப் பட்டத்துடன் 700 மணி நேர மருத்துவப் பயிற்சியும் முடித்தவரையே சிகிச்சையாளராகப் பதிவு செய்கின்றனர்.

இவ்வளவு கடுமை எதற்கு? வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணை, "கண்ணை மூடு, கையை வீசு" என்று பயிற்சியற்றவர் ஏவினால், அடங்கியிருந்த அச்சம் பெருக்கெடுத்து எழக்கூடும். அதைத் தாங்கிப் பிடிக்க அறியாதவர் நலத்துக்குப் பதில் தீங்கே விளைவிப்பார்.

நம் நாட்டில்

கொல்கத்தாவில் 2004இல் சோகினி சக்ரவர்த்தி தொடங்கிய 'கொல்கத்தா சன்வேத்' நிறுவனம், கடத்தலினின்று மீட்கப்பட்ட பெண்களுக்கு இம்முறையால் உதவியதோடு, மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்துடன் சேர்ந்து பட்டயப் படிப்பும் நடத்தியது. 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், நடன சிகிச்சையாளர் என்னும் பெயரும் இடம்பெற்றுள்ளது. தொழிலா என்று ஐயுற்றோர்க்கு இது தக்க விடை.

ஆயினும் எம் ரயில்வே உத்தியோகம்போல் மாதந்தோறும் தவறாது சம்பளம் தரும் பதவிகள் இத்துறையில் அரிது. சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், மனநல நிலையம், தொண்டு நிறுவனம் எனப் பல இடங்களுக்குச் சென்று பணியாற்றுவோரே மிகுதி. ஆகவே கடன் வாங்கி வெளிநாடு அனுப்பக் கருதுவோர் கணக்கை இருமுறை பார்த்தல் நலம்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

சில நாள் வகுப்பு முடிந்தவுடன் சான்றிதழ் வழங்கும் இடங்களும் உள. எனவே சேருமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள்: பட்டம் அளிப்பது பல்கலைக்கழகமா? நோயாளருடன் பணியாற்றுவது எத்தனை மணி நேரம்? மேற்பார்வையிடுவோர் தாமே பயிற்சி பெற்றவர்களா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே பணி செய்கின்றனர்? விடையைக் கடிதமாகவே கேட்டு வாங்குங்கள்.

மகளிடமும் ஒன்று கூறுங்கள். கல்லூரியில் சேருமுன் ஆறு மாதம் ஏதேனும் ஒரு முதியோர் இல்லத்துக்கோ சிறப்புப் பள்ளிக்கோ சென்று தொண்டு செய்யட்டும். அங்கே அவள் ஆட வேண்டியதில்லை. உடன் அமர்ந்திருந்தால் போதும். அதன் பின்னரும் அவள் ஆவல் குறையவில்லையெனில், தயக்கமின்றி அவளுக்குத் துணை நில்லுங்கள்.