தேம்ஸ் நதிக்குத் தப்பிய நாவல்

நாவல் ஒன்றை எழுதி முடிப்பது ஒரு தவம். அதனை அச்சேற்றுவது மற்றொரு தவம். முதலாவதைத் தனியே இருந்து செய்துவிடலாம். இரண்டாவதற்கோ துணை வேண்டும். மேலைநாடுகளில் அத்துணைவருக்கு இலக்கிய முகவர் என்று பெயர். அவரைத் தேடி எழுத்தாளர் படும் பாடு யாது, அவரால் விளையும் பயன் யாது என்பவற்றை இரண்டு உண்மை வரலாறுகள் கொண்டு இங்கு நோக்குவோம்.

இலக்கிய முகவர் ஒருவகையில் நம் ஊர்க் கலியாணத் தரகரைப் போன்றவர். எந்த நூல் எந்தப் பதிப்பாளருக்குப் பொருந்தும் என்பதை அறிந்து, இருவரையும் இணைத்துவைப்பது அவர் தொழில். பேரம் பேசுவதும், ஒப்பந்தத்தின் வாசகங்களைத் துருவி ஆராய்வதும், பிறநாட்டு உரிமைகளை விற்பதும் அவர் பொறுப்பேயாகும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், லண்டன் மாநகரில் ஏ. பி. வாட் என்பார் இதனை ஒரு தொழிலாக நிலைநாட்டினார். கிப்ளிங், கொனன் டொயில் முதலியோர் அவரை நாடினர். எழுத்தாளர் பெறும் பணத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் அவர் கூலி. பதிப்பாளர் சிலர் இப்புதிய இடையாளரைக் கண்டு வெகுண்டனர். எழுதுபவருக்கும் அச்சிடுபவருக்கும் நடுவே மூன்றாமவர் எதற்கு என்பது அவர்கள் வாதம்.

அவ்வினாவுக்கு விடை கூறுவது போன்றது ஆர். கே. நாராயணின் வரலாறு. தமிழ் பேசும் குடும்பத்தில் 1906ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்து, மைசூரில் வாழ்ந்தவர் அவர். மால்குடி என்னும் கற்பனை ஊரைப் படைத்து, சுவாமிநாதன் என்ற சிறுவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். அதனை லண்டன் பதிப்பாளருக்கு ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார். போன வேகத்திலேயே அது திரும்பியது. பத்திரிகைச் செய்திகள் எழுதிக் கிடைத்த சொற்ப வருவாயில் நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தவருக்குத் தபாற் செலவும் ஒரு சுமையன்றோ!

அப்பொழுது அவருடைய மைசூர் நண்பர் பூர்ணா ஒக்ஸ்போர்டில் கல்வி கற்றுக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதி இறுதியில் அவரிடம் போய்ச் சேர்ந்தது. மனம் கசந்த நாராயண், அதனை ஒரு கல்லோடு கட்டித் தேம்ஸ் நதியில் அமிழ்த்திவிடும்படி நண்பருக்கு எழுதினார். நண்பரோ சொன்னதைச் செய்யவில்லை. ஒக்ஸ்போர்டில் வசித்த இளம் நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் அதனைச் சேர்ப்பித்தார். முன்பின் அறியாத ஒருவரின் எழுத்தைக் கிரீன் படித்தார்; வியந்தார்; பதிப்பாளர் ஹமிஷ் ஹமில்டனிடம் பரிந்துரைத்தார். 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. நாராயணசுவாமி என்ற நீண்ட பெயர் நாராயண் எனக் குறுகியதும் கிரீனின் யோசனைப்படியே.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. விமரிசகர் பாராட்டினர், ஆனால் நூல் விலைபோகவில்லை. அடுத்த நாவலை அதே பதிப்பாளர் ஏற்கவில்லை. 1937இல் வந்த இரண்டாம் நாவலை ஒரு பதிப்பகமும், 1938இல் வந்த மூன்றாவதை இன்னொரு பதிப்பகமும், 1945இல் வந்த நான்காவதை மற்றுமொரு பதிப்பகமும் வெளியிட்டன. இவ்விடத்திலேதான் முகவரின் அருமை புலனாகின்றது. கிரீன் தம்முடைய முகவரான டேவிட் ஹையமிடம் நாராயணை ஒப்படைத்திருந்தார். மைசூரில் இருந்தவருக்காக லண்டனில் கதவு கதவாகத் தட்டுவதற்கு ஓர் ஆள் இருந்தார். இல்லையேல், முதல் நூலோடு அப்பெயர் மறைந்திருத்தல் கூடும். கிரீனும் நாராயணும் நேரிற் சந்தித்ததோ 1956ஆம் ஆண்டிலேயே!

இரண்டாவது வரலாறு ஜோர்ஜ் ஓர்வெல்லினுடையது. எரிக் பிளேயர் என்பது அவருடைய இயற்பெயர். பாரிஸில் உணவுக்கடைப் பாத்திரங்களைக் கழுவியும், லண்டனில் நாடோடிகளோடு திரிந்தும் பெற்ற அனுபவங்களை அவர் நூலாக்கினார். ஜொனதன் கேப் நிறுவனம் அதனை மறுத்தது. பேபர் நிறுவனத்திலிருந்து மறுப்புக் கடிதம் எழுதியவர் மகாகவி ரி. எஸ். எலியட். உள்ளம் சோர்ந்த பிளேயர், மேபல் பியர்ஸ் என்ற நண்பியின் வீட்டில் அப்பிரதியை விட்டு, இதனை அழித்துவிடுங்கள், தாள்களைக் கோத்த கம்பிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்படக் கூறினார். அந்த அம்மையாரோ பிரதியைத் தூக்கிக்கொண்டு லெனார்ட் மூர் என்னும் முகவரிடம் நேரே சென்றார். படித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார். 1933 ஜனவரியில் நூல் வெளிவந்தது. ஓர்வெல் என்ற புனைபெயர்கூட, மூருக்கு எழுதிய கடிதத்தில் எழுத்தாளர் குறித்தனுப்பிய சில பெயர்களுள் ஒன்றாகவே முதலில் தோன்றிற்று.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. இரு பிரதிகளையும் அழித்துவிடச் சொன்னவர்கள் அவற்றைப் பெற்றவர்களே. காப்பாற்றியவர்கள் பெரும் பண்டிதர்களல்லர். ஒரு மாணவ நண்பரும் ஒரு குடும்பத் தலைவியுமே. முகவரின் படியேறுவதற்கு முன்னரே, எழுத்தை நம்பிய ஒருவர் அருகில் இருந்திருக்கிறார்.

இக்காலத்தில் மேலைநாட்டுப் பெரிய பதிப்பகங்கள் பல, முகவர் வழியாக வராத பிரதிகளைத் திறந்தும் பார்ப்பதில்லை. ஆதலால் முகவரைத் தேடுவதே பெருந்தவமாகிவிட்டது. ஒரு கடிதம், கதைச் சுருக்கம், முதற் சில அத்தியாயங்கள் ஆகியவற்றை அனுப்பிவிட்டு மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். முகவர் கிடைத்தாலும் துன்பம் தீர்ந்துவிடாது. 'ஹரி பொட்டர்' எழுதிய ஜே. கே. ரோலிங்குக்கு 1995இல் முகவர் கிடைத்த பின்னரும், பன்னிரண்டு பதிப்பாளர் அந்நூலை மறுத்தனர். 1997இலேயே அது வெளிவந்தது.

ஆங்கிலத்தில் எழுதி உலக அரங்கை நாடும் நம் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் கூறல் வேண்டும். உண்மையான முகவர் முன்பணம் கேட்பதில்லை. நூல் விலைபோன பின்னரே தம் பங்கைப் பெறுவார். இன்று அது பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து வீதம். படிப்பதற்கு இவ்வளவு, திருத்துவதற்கு இவ்வளவு என்று முதலிலேயே கை நீட்டுபவரிடமிருந்து விலகிக்கொள்வதே அறிவுடைமை.

தமிழில் எழுதும் நம்மவர் நிலையோ வேறு. மனைவியின் காப்பை அடைவுவைத்து நூலை அச்சிட்டு, வெளியீட்டு விழாவும் தாமே நடத்தி, எஞ்சிய பிரதிகளைக் கட்டிலின் கீழ் அடுக்கிவைக்கும் எழுத்தாளரை நாம் அறிவோம். ஹையமும் மூரும் செய்த தொழிலைச் செய்வோர் நம்மிடையே அரியர். அத்தகையோர் தோன்றும் வரையில், அந்தப் பணியின் ஒரு கூறையேனும் வாசகராகிய நாம் ஏற்றல் தகும். உங்கள் இல்லத்திலோ அயலிலோ ஒருவர் எழுதிக்கொண்டிருக்கலாம். ஒருநாள் சலிப்புற்று, இதை அடுப்பில் போடுங்கள் என்று ஒரு கட்டுத் தாளை உங்களிடம் அவர் நீட்டக்கூடும். அதனை வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். முதலிற் படித்துப் பாருங்கள்.