நிருபர் முதலில் யாரைக் கேட்கிறார்?

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் வரும் என 2024 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கான இடமாகப் பேரிகை - பாகலூர் பகுதி பேசப்படுகிறது. ரோஜாவும் காய்கறியும் விளையும் இந்தக் கர்நாடக எல்லைப்புறத்தைப் பற்றி இரண்டு விதமாகச் செய்தி எழுதலாம். முதலீடு, வேலைவாய்ப்பு, மனை விலை என்பது ஒன்று. பட்டா, கிணறு, குத்தகை, கூலி என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் எது முதல் பக்கத்துக்குப் போகும், எது நாலு வரியில் முடியும் என்பதை நிருபரின் நேர்மை மட்டும் முடிவுசெய்வதில்லை. அவர் எங்கிருந்து வந்தார், யாரோடு பழகுகிறார் என்பதற்கும் அதில் பங்குண்டு.

எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு: டெல்லியிலிருந்து இயங்கும் ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரை 2006இல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அவர்களில் ஒருவர்கூட தலித்தோ பழங்குடியினரோ இல்லை. 2010இல் வெளியான நீரா ராடியா தொலைபேசி உரையாடல்களோ, 2009இல் மத்திய அமைச்சரவை அமைந்த நாட்களில் பெருநிறுவனங்களின் மக்கள் தொடர்பாளரான அவரோடு மூத்த பத்திரிகையாளர்கள் எவ்வளவு நெருக்கமாகப் பேசினார்கள் என்பதைக் காட்டின. தகவலுக்காகவே பேசினோம் என்றார்கள் அவர்கள். அதை அப்படியே ஏற்றாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: அதே நெருக்கம் வளர்ச்சித் திட்டங்களுக்கு நிலமிழப்பவர்களோடு இருந்ததா?

தொடர்பு இல்லாமல் செய்தி ஏது என்பார்கள். சரிதான், தொடர்பு குற்றமல்ல, மறைப்பதுதான் தவறு. பிறப்பை வைத்து ஒருவரின் எழுத்தை எடைபோடலாமா என்றும் கேட்பார்கள். கூடாது. வசதியான வீட்டில் பிறந்து ஏழைகளுக்காக எழுதியவர்கள் உண்டு. ஆனால் ஒரு செய்தி அறை முழுவதும் ஒரே மாதிரியானவர்களால் நிரம்பினால், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே சில கேள்விகள் எழாமல் போகும். பாகலூர்ப் பக்கத்தில் பல விவசாயிகள் வீட்டில் பேசுவது தெலுங்கும் கன்னடமும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் விசாரிக்கும் நிருபருக்கு அதிகாரியின் பதில் முழுதாகக் கிடைக்கும். விவசாயியின் பதில் பாதிதான் கிடைக்கும்.

ஊடக நிறுவனத்துக்கு ஒரு கம்பெனியில் பங்கு இருந்தால், அந்தக் கம்பெனி பற்றிய செய்தியிலேயே அதைச் சொல்ல வேண்டும் என்ற, பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் யோசனையை இந்தியப் பத்திரிகை மன்றம் 2010இலேயே ஏற்றுவிட்டது. அந்த விதி தனிமனிதருக்கும் நீள வேண்டும். விமான நிலையம் பற்றி எழுதுபவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அந்தப் பக்கம் மனை இருந்தால், ரியல் எஸ்டேட் தொழிலில் கூட்டு இருந்தால், அதை வாசகருக்குச் சொல்லட்டும். இல்லையேல் அந்தச் செய்தியை வேறொருவர் எழுதட்டும். பாகலூரின் மொழிகள் தெரிந்த, விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த இளைஞர்களைப் பத்திரிகைகள் முழுச் சம்பளத்தில் நிருபர்களாக எடுக்கட்டும். நிலமெடுப்பு முடிந்தபின் வரும் நடுநிலையால் யாருக்கும் பயனில்லை. இவற்றை இப்போதே செய்ய வேண்டும்.