குருதியின் நிறமும் ஒளியின் சான்றும்

உயிர்மூலக்கூறுகள் கண்ணுக்குப் புலனாவதில்லை. எனினும், எந்த அலைநீள ஒளியை அவை உறிஞ்சுகின்றன என்பதை அளந்து, அவற்றின் அமைப்பையும் பிற மூலக்கூறுகளுடன் அவை கொள்ளும் தொடர்பையும் நாம் அறியலாம். நிறமாலை ஆய்வுமுறைகளின் அடிப்படை இதுவே. குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் புரதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

1862இல் ஜேர்மனிய அறிஞர் ஹொப்பே-சைலர், குருதிக் கரைசலினூடு சென்ற ஒளியின் நிறமாலையில் இரு கரும்பட்டைகளை விவரித்தார். 1864இல் இங்கிலாந்தின் ஸ்ரோக்ஸ், தாழ்த்தும் பொருளொன்றைச் சேர்த்து ஒட்சிசனை அகற்றினார். இரு பட்டைகளும் மறைந்து, அவற்றிடையே அகன்ற ஒரு பட்டை தோன்றிற்று. கரைசலைக் காற்றுடன் குலுக்கியபோது முன்னைய இரண்டும் மீண்டன. குருதிநிறப்பொருள் ஒட்சிசனை ஏற்பதும் விடுவதும் மீளத்தக்க செயல் என்பது இவ்வாறு புலனாயிற்று. அப்பட்டைகள் ஏறத்தாழ 541, 577 நனோமீற்றரிலும், ஒட்சிசன் நீங்கிய நிலையில் 555 நனோமீற்றரிலும் அமைகின்றன. ஈம் தொகுதியிலுள்ள இரும்புடன் ஒட்சிசன் பிணையும்போது அங்குள்ள இலத்திரன் ஒழுங்கு மாறுவதே இவ்வேறுபாட்டின் காரணமாகும்.

இவ்வேறுபாட்டையே விரலில் மாட்டும் ஒட்சிமானியும் பயன்படுத்துகின்றது. அதன் தத்துவத்தை 1974இல் யப்பானியப் பொறியியலாளர் அஓயாகி வெளியிட்டார். ஏறத்தாழ 660 நனோமீற்றர்ச் செவ்வொளியை ஒட்சிசனற்ற ஈமோகுளோபின் மிகுதியாக உறிஞ்சுகின்றது. 940 நனோமீற்றர்க் கீழ்ச்சிவப்பொளியை ஒட்சிசனேறியது மிகுதியாக உறிஞ்சுகின்றது. நாடித்துடிப்புடன் மாறும் உறிஞ்சலை மட்டும் பிரித்தெடுத்து, இவ்விரண்டின் விகிதத்திலிருந்து ஒட்சிசன் நிரம்பல் கணிக்கப்படுகின்றது.

ஆயின், அவ்விகிதத்தை நிரம்பல் வீதமாக மாற்றும் அட்டவணை கோட்பாட்டிலிருந்து மட்டும் பெறப்படுவதன்று. தன்னார்வலரின் உடலில் அளந்து பெறப்படுவது. தோலின் மெலனினும் ஒளியை உறிஞ்சுகின்றது. எனவே எவருடைய உடலில் அளந்தோம் என்ற வினா இங்கு எழுகின்றது. 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்கியது. ஒட்சிமானி 92 முதல் 96 சதவீதம் எனக் காட்டிய வேளைகளில், நாடிக்குருதியின் உண்மை நிரம்பல் 88 சதவீதத்திலும் குறைந்திருந்தமை வெள்ளையரிடத்து 3.6 சதவீதமாகவும், கறுப்பினத்தவரிடத்து 11.7 சதவீதமாகவும் காணப்பட்டது. ஒட்சிசன் வழங்கப்படவேண்டிய நோயாளி நலமுடையவராகக் கணிக்கப்படும் ஆபத்து இதில் அடங்கியுள்ளது.

ஈமோகுளோபினின் நிறமாலை மனிதரிடையே வேறுபாடு பாராட்டுவதில்லை. வேறுபாடு, அதனை அளக்கும் கருவிக்கு அளவுகோல் வகுக்கப்பட்ட முறையிலேயே புகுந்தது. கருந்தோலுடைய மக்களையும் போதிய அளவில் உள்ளடக்கி அவ்வளவுகோலைத் திருத்துவது, அறிவியல் திருத்தமும் சமூக நீதியும் ஒருங்கே வேண்டி நிற்கும் பணியாகும்.