போனில் வைரஸா? பிரவுசரில் எப்போதோ தட்டிய ‘அலவ்’ காரணமாக இருக்கலாம்!

‘உங்கள் போனில் 5 வைரஸ்கள் உள்ளன’, ‘உங்கள் பார்சல் காத்திருக்கிறது’, ‘ஆவணமே இல்லாமல் உடனடி கடன்’... புதிதாக எந்த ஆப்பும் இன்ஸ்டால் செய்யவில்லை. ஆனாலும் திரையின் மேலே இப்படி வரிசையாக வந்து விழுகிறதா? போனை ரீசெட் செய்யக் கிளம்பும் முன் அந்த நோட்டிபிகேஷனை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ‘குரோம்’ என்ற பெயரும் பக்கத்தில் ஓர் இணையதள முகவரியும் சின்ன எழுத்தில் இருந்தால், அது பிரவுசர் வழியாக வருகிறது. அதை அனுப்புவது வைரஸ் அல்ல. எப்போதோ நாம் அனுமதி கொடுத்த ஒரு தளம்.

எப்படி உள்ளே வருகிறது?

ஒரு தளத்தைத் திறந்ததும் ‘நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?’ என்று ஒரு பெட்டி வரும். ‘அலவ்’ தட்டினால் அந்தத் தளம் சந்தாதாரராக நம்மைப் பதிவு செய்துகொள்ளும். ‘சர்வீஸ் வொர்க்கர்’ எனப்படும் அதன் குட்டி புரோகிராம் பிரவுசரில் தங்கிவிடும். பிறகு அந்தத் தளம் அனுப்பும் தகவல், பிரவுசர் நிறுவனத்தின் புஷ் சர்வர் வழியாக நம் போனுக்கு வரும். டேபை மூடிவிட்டாலும் வரும். ஹிஸ்டரியை மட்டும் அழித்தாலும் வரும். ஏனென்றால், கொடுத்த அனுமதி அப்படியே இருக்கிறது.

குரோமில் இந்த வசதி 2015-ல் அறிமுகமானது. மெயில், கேலண்டர், சாட் போன்ற சேவைகளுக்கு இது உண்மையிலேயே உதவியது. ஆனால், ஷாப்பிங் தளம் முதல் செய்தித் தளம் வரை எல்லோரும் கேட்க ஆரம்பித்ததும் அது தொல்லையானது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொஸில்லா 2019-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஒரே மாதத்தில் 145 கோடி முறை இந்தப் பெட்டி காட்டப்பட்டதில், சுமார் 2.37 கோடி முறை மட்டுமே பயனர்கள் சம்மதித்திருந்தார்கள். 2020-ல் ஃபயர்பாக்ஸும் குரோமும் இந்தப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கும் மாற்றங்களைக் கொண்டுவந்தன.

இதில் ஆபத்து எங்கே?

மோசடித் தளங்கள் நேர்மையாகக் கேட்பதில்லை. ‘நீங்கள் ரோபோ இல்லை என நிரூபிக்க அலவ் தட்டவும்’, ‘வீடியோ ஓட அலவ் தட்டவும்’ என்பார்கள். நிஜமான கேப்ட்சா எதுவும் நோட்டிபிகேஷன் அனுமதியைக் கேட்காது. தட்டிவிட்டால், பிரபல ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்களின் பெயரிலும் வங்கிகளின் பெயரிலும் போலி எச்சரிக்கைகள் வரும்.

நோட்டிபிகேஷன் வந்ததாலேயே போன் ‘ஹேக்’ ஆகிவிடாது. பயந்துபோய் அதைத் தட்டி, திறக்கும் பக்கத்தில் ஆப்பை இறக்குவதும், கார்டு எண்ணையோ ஓடிபியையோ கொடுப்பதும்தான் சிக்கல். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

நிறுத்துவது எப்படி?

ஆண்ட்ராய்டு குரோம்: மேலே உள்ள மூன்று புள்ளி > செட்டிங்ஸ் > சைட் செட்டிங்ஸ் > நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் தட்டி ‘பிளாக்’ செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் குரோம்: செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > சைட் செட்டிங்ஸ் > நோட்டிபிகேஷன்ஸ். எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றால், அதே பக்கத்தில் நோட்டிபிகேஷனை அனுமதிக்காத ஆப்ஷனைத் தேர்வு செய்யலாம்.

கம்ப்யூட்டர் ஃபயர்பாக்ஸ்: செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ‘பெர்மிஷன்ஸ்’ பகுதிக்குப் போய், நோட்டிபிகேஷன்ஸ் எதிரே உள்ள ‘செட்டிங்ஸ்’ பட்டனைத் தட்டுங்கள். புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் டிக் பாக்ஸும் அங்கேயே இருக்கிறது.

ஐபோன்: ஐஓஎஸ் 16.4 முதல்தான் இந்த வசதி வந்தது. அதுவும் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த தளங்களுக்கு மட்டுமே. போன் செட்டிங்ஸில் உள்ள நோட்டிபிகேஷன்ஸ் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி ஆஃப் செய்தால் போதும்.

‘ரிமூவ்’ வேறு, ‘பிளாக்’ வேறு

கம்ப்யூட்டரில் பலரும் குழம்புவது இங்கேதான். ‘ரிமூவ்’ கொடுத்தால் பட்டியலில் இருந்து பெயர் போகும். ஆனால் அடுத்த முறை அந்தத் தளத்துக்குப் போகும்போது மறுபடியும் கேட்கும். ‘பிளாக்’ கொடுத்தால் கேட்கவே கேட்காது. தொல்லை தரும் தளத்துக்கு ‘பிளாக்’தான் சரி.

இன்னொரு விஷயம்: எரிச்சலில் ஆண்ட்ராய்டு செட்டிங்ஸுக்குப் போய் குரோமின் நோட்டிபிகேஷனை மொத்தமாக ஆஃப் செய்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஃபைல் டவுன்லோடு ஆகும் நிலவரமும் மேலே தெரியாது. அதேபோல், ஆபீஸ் சாட், மெயில் போன்றவற்றை பிரவுசரிலேயே பயன்படுத்துபவர்கள் எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, மீட்டிங் அழைப்பைத் தவறவிட வேண்டாம். தேவையான இரண்டு மூன்று தளங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவதே நல்லது.

குரோமும் இப்போது தானாகக் கொஞ்சம் சுத்தம் செய்கிறது. நாம் அண்மையில் பயன்படுத்தாத, ஆனால் நிறைய நோட்டிபிகேஷன் அனுப்பும் தளங்களின் அனுமதியை அதுவே ரத்து செய்யும் என 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. மொத்த நோட்டிபிகேஷன்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றையே பயனர்கள் கண்டுகொள்கிறார்கள் என்றும் அப்போது சொன்னது. ஆனால், தினமும் போய் வரும் தளம் அனுப்பும் தொல்லையை நாம்தான் நிறுத்த வேண்டும்.

உங்கள் போனில் முடித்த கையோடு, அப்பா அம்மாவின் போனையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ‘வைரஸ்’ என்று போன் சொன்னால் அதை நம்பிவிடும் வாய்ப்பு அவர்களுக்கே அதிகம். அந்தப் பட்டியலைத் திறந்து துடைக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.