கதியாலாக நிற்கும் முள்முருக்கு

மதில் எழும்பாத வளவுகளில் இன்றைக்கும் எல்லை என்றால் கதியால்தான். கொழும்புத்துறை போலக் கடல்நீரேரியை ஒட்டிய ஊர்களுக்கு முள்முருக்கு பொருத்தமான கதியால். அது கரையோர மரம், உப்புக்காற்றைத் தாங்கும்.

இதன் தாவரவியல் பெயர் எரித்ரினா வேரியகேட்டா. வேரியகேட்டா என்றால் பலநிறம் கொண்டது. நம் வேலிகளில் நிற்பது வெறும் பச்சை இலை முருக்கு. நரம்போடு மஞ்சள் ஓடும் அழகு வகையால் வந்த பெயர் அது. அந்த வகையை முற்றத்தில் வைக்க விரும்புவோர் விதையை நம்பாமல் தடியை நடுவது நல்லது. வரியிலைச் செடி எதுவானாலும், முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் அதை அடியோடு வெட்டிவிட வேண்டும். பச்சையம் கூடிய கிளை வேகமாக வளர்ந்து மற்றவற்றை மூடிவிடும்.

கதியாலுக்கு ஆள் உயரத்தில், கைத்தடிப்பில் முற்றிய தடி வேண்டும். வெட்டுவாய் காய ஓரிரு நாள் நிழலில் வைத்து, மாரி தொடங்கும்போது ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுங்கள். பட்டை உரியக் கூடாது. முதல் வருடம் கத்தி வேண்டாம்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்குப் பின்னர் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் வெட்டாத கதியால் மரமாகிவிடும். முருக்கின் கட்டை மென்மையானது, காற்றுக்கு முறியும். தோளுயரத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். ஆனால் வேலி முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டுங்கள். எதையும் பிடுங்குவதற்கு முன் பக்கத்து வளவுக்காரரிடம் கதையுங்கள். அவர் கனடாவில் இருந்தால் படம் எடுத்து அனுப்பி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு முழக் கதியாலுக்காக வழக்குப் பேசுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பழைய கட்டைதான் பலருக்கு மிஞ்சிய சாட்சி.

மாசி, பங்குனியில் இலை உதிர்ந்து சிவப்பாகப் பூக்கும். பூத்து முடிந்த பிறகு வெட்டினால் பூவும் கிடைக்கும், ஆட்டுக்குக் குழையும் கிடைக்கும். கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால் கேட்டு வருவோருக்காக ஒரு நேரான கிளையை விட்டுவைப்பதும் நல்லது.

இலையும் காம்பும் கட்டி கட்டியாக வீங்கினால், 2004இல் விவரிக்கப்பட்டு ஆசியாவின் பல நாடுகளில் பரவிய சிறு குளவியின் வேலையாக இருக்கலாம். அந்தக் கிளைகளைத் தோட்டத்துக்குத் தாழ்க்காமல் வெட்டி எரித்துவிடுங்கள்.