உடனிருப்பவர்கள் - 9: மாத்திரைக் காலம்

குழந்தைக்கு முதல் மாத கீமோ முடிந்து, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றுநோய்ச் செல்கள் தென்படவில்லை என்று டாக்டர் சொன்ன நாளோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பல வீடுகளில் அன்றுதான் பெரியவர்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். ஊருக்குப் போன் போட்டு, "நோய் போயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

போகவில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அதிகம் வருகிற புற்றுநோயான 'ஏ.எல்.எல்.' என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மொத்தம் இரண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை மருந்து வேண்டும். ஆரம்ப மாதங்கள் வார்டும் வீடுமாகக் கழியும். மீதிக் காலம் பெரும்பாலும் வீட்டில்தான். தினமும் ஒருவேளை மெர்காப்டோபூரின் மாத்திரை, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. நர்ஸ் செய்துவந்த வேலை இப்போது அம்மா, அப்பா கைக்கு வருகிறது.

மெத்தோட்ரெக்சேட்டுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் தலைமையேற்று நடத்திய குழுதான் அதையும், அதற்கு மூத்த அமினோப்டெரினையும் உருவாக்கியது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1948இல் முடிவை வெளியிட்டார். பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. ஆனால் சில மாதங்களில் திரும்பிவிட்டது. திரும்பி வருவதைத் தடுக்கத்தான் பின்னால் வந்தவர்கள் பல மருந்துகளைச் சேர்த்தார்கள், சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் நீட்டினார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கும் அதிகமானோர் குணமடைகிறார்கள். சிகிச்சையின் அந்த நீளம் வீணாகச் சேர்ந்ததல்ல.

ஆனால் வீட்டில் மாத்திரை சாப்பிடும் இந்தக் காலத்தில்தான் பிள்ளை நன்றாகத் தெரிவான். முடி முளைத்திருக்கும், தெருவில் ஓடுவான். "நல்லா இருக்கிற புள்ளைக்கு ஏன்டி இன்னும் மருந்தைக் குடுத்து வாட்டுற?" என்று கேட்க வீட்டிலேயே நாலு பேர் இருப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், பஸ் காசும் போன நாளின் கூலியும் குடும்பத்தின் தலையில்தான். பாதியில் நிறுத்துகிறவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் களைத்துப் போனவர்கள்.

ஆனாலும் ஒருவேளை மாத்திரை தவறுவதுகூடச் சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் நடந்த ஆய்வில், தர வேண்டிய மெர்காப்டோபூரினில் 100க்கு 95 பங்குக்குக் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. காலண்டரில் தினம் ஒரு டிக் போடுங்கள், பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த மாத்திரைகளைக் கையால் தொடக் கூடாது. 'மிட்டாய்' என்று சொல்லி ஊட்டவும் கூடாது. நாளை அவனே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடுவான்.

உண்மையைச் சொல்வதுதான் நல்லது. இந்தக் காலத்திலும் சில மாதங்களுக்கு ஒருமுறை முதுகில் ஊசி உண்டு. "வலிக்குமாம்மா?" என்று நாலு வயதுப் பிள்ளை கேட்கும்போது, "வலிக்கவே வலிக்காது" என்று சொல்ல வாய் துடிக்கும். சொன்னால் அடுத்த ஊசிக்கு அவன் உங்களை நம்ப மாட்டான். "கொஞ்ச நேரம் வலிக்கும்டா கண்ணு. கூடவே இருப்பேன், கையை விட மாட்டேன்." இவ்வளவு போதும். கையை விடாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பல சிகிச்சை முறைகளில் இடையிடையே சில நாள் ஸ்டீராய்டு வரும். நடுராத்திரி எழுந்து இட்லி கேட்பான், தட்டில் வைத்ததும் வேண்டாமென்று தள்ளுவான், அழுவான், அடிப்பான். அது மருந்தின் வேலை. அதற்காகப் பிள்ளையைத் தண்டிக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று பார்க்காமல் உடனே கிளம்புங்கள். வெள்ளையணு கவுண்ட் குறைந்திருக்கும் பிள்ளைக்குச் சில மணி நேரத்தில் ரத்தத்தில் கிருமி பரவிவிடும். ஆஸ்பத்திரி சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். வாசலிலேயே "கீமோ எடுக்கிற குழந்தை" என்று சொல்லுங்கள்.

இனி முடியாது என்று தோன்றினால், நிறுத்துவதற்கு முன் ஒருமுறை வார்டின் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். பயணச் செலவுக்கும் தங்கும் இடத்துக்கும் வழி காட்ட அவர்களால் முடியும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்குப் போகும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. பழக்கூடை வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். அடுத்த ஆஸ்பத்திரி நாள் எப்போது என்று கேட்டு, பஸ் காசைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)