சபைக்குப் பெயரிடுதல்

காவிரியின் ஒரு கரையிற் பள்ளிபாளையமும் மறுகரையில் ஈரோடும் அமைந்துள்ளன. ஆற்றுப்பாலத்தைக் கடந்து ஈரோட்டினுட் புகுவோர் அங்கே பிரப் நினைவாலயத்தைக் காணலாம். ஆஸ்திரேலியாவினின்று வந்து, லண்டன் மிஷன் சார்பாக அவ்வூரில் ஊழியஞ் செய்த ஏ. டபிள்யூ. பிரப் ஐயரவர்களின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. மனிதர் பெயரால் தேவாலயம் வழங்கப்படுதல் வேதத்திற்கு ஒக்குமோ? புதிதாய்க் கூடும் சபையார் எப்பெயரைத் தெரிந்துகொள்வது தகும்?

முதற்கண், சபை வேறு, ஆலயம் வேறு என்றறிதல் வேண்டும். சபையைக் குறிக்கும் 'எக்ளேசியா' என்னுங் கிரேக்கச் சொல் கூடிவந்த மக்களைச் சுட்டுமேயன்றிக் கட்டிடத்தைச் சுட்டுவதன்று. அப்போஸ்தலர் காலத்தில் விசுவாசிகள் பெரும்பாலும் இல்லங்களிற் கூடினர். ரோமாபுரியில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்பாரது வீட்டிலும் ஒரு சபை கூடிற்று.

இனி, புதிய ஏற்பாட்டிற் சபைகளுக்குச் சிறப்புப் பெயர் சூட்டப்பெற்றதாகக் காண்கிலோம். யாருக்குரியது, எங்குள்ளது என்னும் இரண்டே அங்குப் பெரிதும் குறிக்கப்படுகின்றன. பவுல் கொரிந்தியருக்கு எழுதுங்கால் அதனைத் தேவனுடைய சபையென்றும், அவ்வூரிலுள்ளதென்றும் குறித்தனர். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஏழு சபைகளும் எபேசு, சிமிர்னா முதலிய ஊர்ப்பெயர்களாலேயே அறியப்படுகின்றன. பவுல், அப்பொல்லோ, கேபா என்போர் பெயர்களைச் சொல்லிக் கொரிந்தியர் கட்சி கட்டியபோது அப்போஸ்தலர் வன்மையாய்க் கண்டித்தனர். போதகரை நன்றியோடு நினைத்தல் குற்றமன்று; அவர் பெயராற் பிரிதலே குற்றம்.

நம் நாட்டு வழக்கும் நோக்கத்தக்கது. தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் 1718ஆம் ஆண்டில் எழுப்பிய ஆலயம், வேதத்தினின்று எடுத்த 'புதிய எருசலேம்' என்னும் பெயர் பெற்றது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஒன்றுகூடியபோது, எம்மரபின் பெயரையும் மேலாக வையாது, 'தென்னிந்தியத் திருச்சபை' என நாட்டின் பெயரையே மேற்கொண்டனர்.

ஆதலின், நினைவின்பொருட்டுக் கட்டிடம் ஊழியரது பெயரைப் பெறலாம். ஆயின் சபையோ கர்த்தருக்கே உரியது. பெயரிடுவோர் தம்மைத் தாமே வினவவேண்டுவது மூன்று: இப்பெயர் ஆண்டவரைச் சுட்டுகின்றதா? அயலாருக்குப் பொருள் விளங்குமா? பிற சகோதரரைத் தாழ்த்தாதிருக்கின்றதா?

பள்ளிபாளையத்துத் தறிகளில் நெய்யுந் துணிமீது எத்துணை அழகிய முத்திரையைப் பதிப்பினும், நூல் நொய்யதாயின் ஆடை நில்லாது. அங்ஙனமே, அன்பில்லாச் சபையை எத்துணை நற்பெயரும் தாங்கமாட்டாது. தம் வாழ்வாற் பெயரை மெய்ப்பிக்குஞ் சபையே நற்பெயர் பெற்ற சபையாம்.